கதவுநிலையில் கடைசிக் கோடு

மகளின் ரத்தத்தில் சர்க்கரை எகிறியதும், இனிப்பைத் திருடித் தின்கிறாள் என்று முடிவுகட்டிய தச்சன் அவளைக் கன்னம் வீங்க அறைந்தான்.

"சத்தியமா தின்னலப்பா!"

தலைமயிரைப் பிடித்து அவள் நெற்றியைக் கதவுநிலையில் மோதினான். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத அவள் உயரத்தை அவன் மாதாமாதம் கோடு போட்டு வைத்த நிலை அது.

மனைவி ஓடிவந்து, மகளுக்குத் தினமும் ஊசி போடும் மருந்துப் பேனாவை, காலியாக, அவன் மூஞ்சியில் எறிந்தாள். "வளர்ச்சி ஊசி கூடுனா இன்சுலின் எடுபடாம சர்க்கரை ஏறும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஒரு மாசத்துக்கான பேனா பாதி மாசத்துல காலி. அளவைக் கூட்டுனது யாருய்யா?"

"சீக்கிரம் வளரட்டும்னுதான்..." என்றான் தச்சன்.

மனைவி அவனுடைய உளியை எடுத்து வெறிகொண்டு கோடுகளைச் செதுக்கித் தள்ளினாள். நெற்றி ரத்தம் ஒட்டிய இடத்துக்கு உளி வந்ததும், மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இது இருக்கட்டும்மா. அப்பா போட்ட கடைசிக் கோடு."