நந்து ஹால்தாரின் டம்ளர்

“அலம்பிட்டேளா மன்னி? எல்லாத்தையுமா?”

குடும்ப நண்பர் பத்மநாபன் கேட்ட தோரணையைப் பார்த்தால், கொலை நடந்த இடத்தை நாகலட்சுமி பினாயில் விட்டுத் துடைத்துவிட்டாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவள் அலம்பியது மூன்று எவர்சில்வர் டம்ளர்களையும் ஒரு சொம்பையும்.

கூடத்து நடுவில் அவள் புருஷன் மஹாதேவன் தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் விளக்கு. நெற்றி நிறைய விபூதி. காலடியில் கட்டுக்கட்டாக ரஜனிகந்தா என்கிற சம்பங்கி. கல்கத்தா டாலிகஞ்சில் அன்று காலை வேறு யார் செத்திருந்தாலும் அவர்களுக்குப் பூ மிஞ்சியிருக்காது. நந்து ஹால்தார் என்ற பெயரைப் பக்கத்திலேயே நின்று இரண்டு பேர் சொல்லியும் அவர் வாயைத் திறக்காமல் இருந்தது அதுவே முதல் தடவை.

“ஆமா, அலம்பிக் கவுத்துட்டேன். எச்சில் டம்ளரை வேற என்ன பண்ணுவா?” என்றாள் நாகலட்சுமி.

“ஐயோ பௌதி! சாட்சி எல்லாம் கழுவிட்டான்!” என்று கானு பாபு நெற்றியில் அறைந்துகொண்டார்.

கானு பாபு கீழ்த்தளத்து ஹோமியோபதி டாக்டர். இந்த வீட்டுக் காப்பியைக் குடித்துக் குடித்தே தமிழ் கற்றுக்கொண்டவர். அவருடைய தமிழில் உலகத்தில் பெண்களே கிடையாது. நாகலட்சுமியும் வந்தான், போனான்தான். மன்னிக்கு வங்காளத்தில் ‘பௌதி’, அண்ணா மஹாதேவனுக்கு ‘மஹாதேப்தா’ என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால், மரியாதைக் கணக்கு அத்துடன் தீர்ந்தது அவருக்கு.

நாகலட்சுமிக்கு எதுவும் பிடிபடவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் இந்த இரண்டு பேரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடைசியாக என்ன சொன்னார்? என்னைக் கூப்பிட்டாரா? அதற்கு இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். பதில் மட்டும் வராது.

நந்து ஹால்தார் ஃபுட்பாலில் ஒரு லெஃப்ட் பேக், இடது ஓரத்தைக் காக்கிறவன். பூமிக்கு அடியிலிருந்து முளைத்தவன் போலச் சறுக்கி வந்து பந்தை மட்டும் கொய்துகொண்டு போவான், எதிராளியின் பூட்ஸ் கயிறுகூட அசையாது. அவன் ஆடுகிறான் என்று தெரிந்தால் விங்கர்களுக்கு முதல் நாளே பேதி கண்டுவிடும் – இது கானு பாபு கட்சி. ஏறிப் போனால் இறங்க மாட்டான், எதிர் கோல் பக்கத்தில் வாடகைக்கு ஜாகை பார்த்துத் தங்கிவிடுவான், அவன் காலி செய்த மூலையில் எதிராளி கட்டில் போட்டுப் படுக்கலாம். வலது கால் வெறும் முட்டுக்கொம்பு. முதுகுக்குப் பின்னால் யானை வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான் – இது பத்மநாபன் கட்சி. கானு பாபு ஈஸ்ட் பெங்கால், பத்மநாபன் மோகன் பகான். நந்து கிளப் மாறிய வருஷம் இரண்டு பேரும் வெட்கமே இல்லாமல் வாதத்தை மாற்றிக்கொண்டார்கள். அவன் பழைய கிளப்புக்கே திரும்பியதும் வாதங்களும் பழைய இடத்துக்கே திரும்பின. எந்தக் கிளப்பையும் சேராத மஹாதேவன்தான் ஜட்ஜ். அந்தக் கூடத்தில் நந்துவுக்காகச் செலவான மூச்சைச் சேர்த்து வைத்திருந்தால் ஹௌரா பாலத்தை அக்கரைக்கு ஊதித் தள்ளியிருக்கலாம்.

நேற்று சனிக்கிழமை ஆட்டம் டிவியில் முடிந்ததும் வழக்கம்போல டீபாய் மைதானமாயிற்று. சொம்பு கோல்கீப்பர். நண்பர்களின் டம்ளர்கள் இரண்டும் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர்கள். பத்மநாபனின் பொடி டப்பா ரைட் பேக். நந்துவாக ஆடுவது எப்போதும் மஹாதேவனின் டம்ளர்தான். விளிம்பில் சொட்டை விழுந்து, வயிற்றில் ‘ம’ என்று வெட்டிய கல்யாணத்து டம்ளர். எதிரணி விங்கர் ஒரு தட்டை. தீர்ப்பு வருவதற்குள் அதை யாராவது தின்றுவிடுவார்கள்.

கடைசி நிமிஷத்தில் நந்து ஏறிப் போயிருந்த இடத்தின் வழியாகத்தான் கோல் விழுந்திருந்தது. தப்பு யாருடையது? மஹாதேவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். “நந்து ஏறிப் போனது தப்பே இல்லை ஓய். அவன் போனப்புறம் அந்த இடத்துல யார் வந்து நிக்கணும்னா…”

அவ்வளவுதான். இதுவரைக்கும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாகவே சொன்னார்கள். அவர் கை டம்ளரைத் தள்ளியது, அப்படியே நாற்காலியில் சாய்ந்தார் என்பதிலும் ஒற்றுமைதான். எந்தப் பக்கம் தள்ளினார் என்பதில்தான் குடி முழுகிப்போயிற்று.

“பின்னால சொம்புப் பக்கம் இழுத்தார் மன்னி. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். இடத்தை விட்டு நகராதேடான்னு அர்த்தம்!”

“பொய்! முன்னால தள்ளினான். போ, போன்னு தள்ளினான்!”

“நீர் அப்ப தட்டை தின்னுண்டிருந்தீர்!”

“நீ மூக்குல பொடி போட்டுட்டு இருந்தான்!”

கானு பாபு நாடி பார்த்துத் தலையை ஆட்டியதும், உடம்பைக் கிடத்த டீபாயை நகர்த்தணும் என்றார்கள். நாகலட்சுமியின் கைகள் தாமாகவே டம்ளர்களைப் பொறுக்கின. பாத்ரூம் குழாயில் தேய்த்து, சமையலறை வாசலில் கவிழ்த்தன. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

சமையலறையில் அவள் குக்கரோடு நின்ற நேரத்தில் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கிறது. ஒரு விசில், அதற்குள் ஒரு மனுஷன். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள் இருக்க, கடைசி மூச்சு ஒரு லெஃப்ட் பேக்குக்குப் போயிருக்கிறது. அவளுக்குத் துக்கத்தைவிட ஒரு படி தூக்கலாகவே கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நந்துவை நேரில் பார்த்தால் ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று இருந்தது.

காலை ரயிலில் கரக்பூரிலிருந்து வந்திறங்கிய தம்பி சுந்தரேசன் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, காதோடு காதாகக் கேட்டான்.

“அக்கா, அந்த நந்துவுக்குச் சொல்லி அனுப்பியாச்சா?”

“எந்த நந்து?”

“என்கிட்ட மறைக்காதே. ஏறிப் போனவன் திரும்பி வரலை, அவன் இடம் காலியாயிடுத்துன்னு வாசல்ல ரெண்டு பேரும் அடிச்சுக்கறா. அத்திம்பேருக்கு... வேற எங்கயாவது... பிள்ளை கிள்ளை?”

வேறு நாளாக இருந்தால் நாகலட்சுமி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“ஆமாண்டா. இத்தனை வருஷமா என் சக்களத்தியே அவன்தான்.”

சுந்தரேசன் செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் பொறுப்புள்ளவன். நேராக மந்திரம் சொல்ல வந்த வாத்தியாரிடம் போய், “மூத்தவன்னு ஒருத்தன் வெளில இருந்தா கொள்ளி யார் போடறது?” என்று கேட்டுவைத்தான். வாத்தியார் திகைத்துப்போய், டெல்லியிலிருந்து அப்போதுதான் வந்து ஈர வேஷ்டியோடு நின்ற அனந்தைப் பார்த்தார். அனந்த் அம்மாவைப் பார்த்தான்.

“என்னம்மா சொல்றார் மாமா?”

“ஒண்ணுமில்லை. உங்கப்பாவோட ஃபுட்பால்.”

“மாமா, நந்து ஹால்தார் ஒரு பிளேயர் மாமா. அப்பா அவனோட பேசினதுகூட இல்லை, கேலரியிலேருந்து பாத்ததோட சரி.”

சுந்தரேசனுக்கு நிம்மதி வந்ததா ஏமாற்றம் வந்ததா என்று சொல்வது கஷ்டம். “அப்போ எதுக்கு இந்த அழுகை?” என்றான்.

சவம் ஏற்றும் கண்ணாடி வண்டி கீழே வந்து ஹாரன் அடித்தது. கேவ்டாதலா மயானத்தில் கூட்டம் சேர்வதற்குள் போக வேண்டும் என்று வாத்தியார் பறந்தார். மூன்றாம் மாடி. மாடிப்படியோ ஒரு ஆள் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் இன்னொரு ஆள் இறங்கலாம். அனந்த், சுந்தரேசன், இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

“கோத்திரம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், தோள் இருக்கறவா வாங்கோ” என்றார் வாத்தியார்.

தோள் இருந்த இரண்டு பேரும் வரவில்லை.

“அவன் தூக்கினா நான் தூக்க மாட்டான்” என்றார் கானு பாபு. “மஹாதேப்தா கடைசி வார்த்தையை இவன் திருப்பிட்டான்.”

“நானும் இவரோட சேர்ந்து தூக்கறதா இல்லை. செத்தவர் வாயில பொய்யைத் திணிக்கறவரோட எனக்கென்ன?” என்று பத்மநாபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. பொடி என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் ஹாரன். மஹாதேவன் தீர்ப்பைத் தன்னோடேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

திடீரென்று கானு பாபு நாகலட்சுமியின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். “பௌதி. டம்ளர் எடுத்தது நீதானே? எங்கே இருந்தான்? அதை மட்டும் சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துப்பான்.”

“சொல்லுங்கோ மன்னி,” என்றார் பத்மநாபன், திரும்பாமலே. “நீங்க சொல்றது எதுவானாலும் சரி.”

கூடமே அவளைப் பார்த்தது. நாகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நேற்று அது எதையும் பார்க்கவே இல்லை. கைக்குத்தான் ஞாபகம் இருந்தது. முதலில் சொம்பு, குளிர்ச்சியாக. பிறகு ஒட்டினாற்போல இரண்டு டம்ளர். பிறகு கை, தேடாமலே, பார்க்காமலே போய் நின்ற இடம்…

டீபாயின் ஓரம். சமையலறைப் பக்கத்து ஓரம்.

அது கோல் பக்கமும் இல்லை, எதிரணிப் பக்கமும் இல்லை. மைதானத்துக்கே வெளியே. வாதம் சூடு பிடித்து, நந்து நடுக்கோட்டைத் தாண்டினானோ இல்லையோ, மஹாதேவன் பேச்சை நிறுத்தாமல், தலையையும் திருப்பாமல், காலி டம்ளரை அந்த ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். சன்மைக்காவின் மேல் அது கிறீச்சிடும். இன்னும் அரை டம்ளர் என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் அதை வாயால் கேட்டதில்லை. அவளும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. நேற்று குக்கர் விசிலில் கிறீச்சு காதில் விழவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். இரண்டு கிழவர்களும் பரீட்சை ரிசல்ட்டுக்குத் தவிக்கும் பிள்ளைகளைப் போலக் காத்திருந்தார்கள்.

“நடுக்கோட்டுல இருந்தது,” என்றாள்.

“கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“கோட்டு மேலயே.”

பத்மநாபன் ஜன்னலிலிருந்து திரும்பினார், முகம் மெல்ல மலர்ந்தது. “பாத்தீரா? இறங்கி வந்துண்டிருக்கான்!”

“ஏறிட்டு இருக்கான்!” என்று கானு பாபு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பாடையின் மூங்கிலைப் பிடித்துவிட்டார்கள். பிடித்த பிறகு விட முடியாது.

வாய்க்கரிசி போட்டார்கள். நாகலட்சுமியின் முறை வந்தபோது அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அவர் காதருகில் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. சுந்தரேசன் எட்டிப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது பின்பக்க இடது மூலை கானு பாபுவின் தோளில் அமைந்தது. முதல் திருப்பத்திலேயே அவர் அவசரப்பட்டு முன்னால் நெருக்க, பாடை சாய்ந்தது.

“ஓய், பின்னாலயே நில்லும்! இடத்தை விட்டு ஏறாதேயும்!” என்று முன்னாலிருந்து பத்மநாபன் கத்தினார்.

“நான் ஏறினா நீ வந்து நில்லு! அதானே மஹாதேப்தா சொல்ல வந்தான்!”

இரண்டாம் மாடியில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பத்மநாபன் ஒரு படியில் நின்று பாரத்தை வாங்கிக்கொண்டார். பாடை நேரானது. மேலே கைப்பிடிச்சுவரைப் பிடித்தபடி நின்ற நாகலட்சுமிக்கு அதற்கப்புறம் செருப்பில்லாத கால்களின் சத்தம் மட்டுமே கேட்டது. அதுவும் தேய்ந்து, கீழே வண்டியின் கதவு சாத்தப்பட்டது.

கூடத்தை அலம்பிவிட்டார்கள். மேல் மாடி சுப்புலக்ஷ்மி அவளைக் குளிக்கச் சொல்லி, தலையைத் துவட்டி, “ஃபிளாஸ்க்ல காப்பி கொண்டு வரேன் மாமி, அடுப்புக்கிட்டப் போகாதீங்கோ” என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். டீபாய் சுவரோரமாக நின்றிருந்தது. யாரோ அதைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். சமையலறைப் பக்கம் எது என்று கண்டுபிடிக்க நாகலட்சுமிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் சமையலறைக்குள் போனாள். நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு யாரும் அதற்குள் போகவில்லை. குக்கர் திறக்கப்படாமல் அடுப்பின் மேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஃபில்டர். அவள் மேல் அடுக்கைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டாம் டிகாக்ஷன். விசில் வந்தபோது வெந்நீர் விட்டுக்கொண்டிருந்தாள். அது யாருக்காகவும் காத்திராமல் ராத்திரியெல்லாம் சொட்டி, கீழ் அடுக்கில் கறுப்பாக நிறைந்து, ஆறி, மேலே மெல்லிய ஏடு கட்டி நின்றிருந்தது.

வாசலோரம் டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. அவற்றில் விளிம்பில் சொட்டை விழுந்ததை மட்டும் எடுத்தாள். உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்து, நிமிர்த்தி, ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.