குழாய்த் தண்ணீரும் கொய்யாக் குச்சிகளும்

அக்காவின் பழைய வீட்டை இடித்து மாடி கட்ட முடிவாகியிருந்தது. கொல்லைக் கொய்யா மரமும் அதோடு போய்விடும். அந்த ருசிக்கு வேறு மரம் கிடையாது, எனக்கு ஒரு கன்று எடுத்துக் கொடு என்று அக்கா கேட்டாள். பழக்கன்றுப் பண்ணை வைத்திருக்கும் தங்கை, அதற்கென்ன என்று சொல்லிவிட்டாள். கொய்யாக் குச்சி லேசில் வேர் விடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பதியன் போட அவகாசமில்லை.

முதலில் நட்ட குச்சிகள் கறுத்துப்போயின. உரக் கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். உள்ளே இருப்பது மண்ணில் வாழும் நல்ல பாக்டீரியா. குச்சியின் வெட்டுவாயில் ஒட்டிக்கொண்டு வேரைத் தூண்டிவிடும் என்றார். அதைத் தண்ணீரில் கரைத்து, புதுக் குச்சிகளை ஊறவைத்து நட்டாள். அவையும் கறுத்தன.

அன்று சாப்பிடும்போது கடைக்காரரை ஒரு பிடி பிடித்தாள். அவள் கணவர் குடிநீர்த் தொட்டியில் வேலை பார்ப்பவர். எந்தத் தண்ணீரில் கரைத்தாய் என்று கேட்டார். குழாய்த் தண்ணீர்தான் என்றாள். கணவர் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்தார்.

"கிருமி சாகணும்னுதானே அதுல தினமும் குளோரின் கலக்கறேன். உன் கிருமி மட்டும் தப்பிக்குமா?"

அவளுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. "பாவம், கடைக்காரரைத் திட்டிட்டேன். கிருமியக் கொன்ன ஆளு நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க."

மறுநாளே ஆட்கள் மரத்தை வெட்ட வந்துவிட்டார்கள். சாய்ந்த கிளைகளிலிருந்து அவள் அவசர அவசரமாகக் குச்சிகள் நறுக்கினாள். இனி கேட்டாலும் கிடைக்காது. கொட்டகைக் கூரையிலிருந்து பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில் பாக்டீரியாவைக் கரைத்தாள். வாளியைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தவர் கணவர். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்றார்.

பல குச்சிகள் காய்ந்தன. சில மட்டும் பச்சை மாறாமல் நின்றன. ஒருநாள் மனம் கேட்காமல் ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை, மண்ணுக்குள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. சுற்றிலும் மண்ணை விலக்கினாள். நூல் நூலாக வெள்ளை வேர்கள். சட்டென்று மூடிவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

செய்தி கேட்ட அக்கா கட்டட வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். துளிர்களைக் குனிந்து பார்த்தவளுக்குக் கண் கலங்கியது. இப்போதே ஒன்றை எடுத்துப்போகிறேன் என்று கையை நீட்டினாள்.

"தொட்ட, அவ்வளவுதான் சொல்லிட்டேன். இன்னும் பச்சக் குழந்தை அக்கா அது."

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் கிளம்பவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, குச்சிகள் நட்டிருந்த தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.