நெசவு மண்டபத்தின் தரை

எண்பத்திரண்டில் மருதமுனையில் அரசாங்கக் காசில் நெசவு மண்டபம் கட்டினார்கள். தரை முழுக்க வழவழவென்று சீமெந்து. வழுக்கி விழத்தான் உதவும். எங்கள் தறிக்குக் கால் மிதிக்கக் குழி வேண்டுமே!

"பிளான்ல குழி இல்ல" என்றார் மண்டபத்தைக் கட்டிய கொந்தராத்துக்காரர். நாங்களே தோண்டினால் அரசாங்கச் சொத்தை உடைத்த குற்றமாம். மண்டபம் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வேலையைச் சோதிக்க அம்பாறையிலிருந்து அதிகாரி வந்தார். சீமெந்தின் கனம் பார்க்க ஓரிடத்தில் உடைக்கச் சொன்னார். என்னோடு நெய்யும் சுபைறா ஓடிப்போய் இரும்பு அலவாங்கு கொண்டுவந்தாள்.

"ஒரு இடம் மட்டும் உடைச்சாக் காணுமா சேர்? மத்த இடத்துல கள்ளம் செஞ்சிருந்தா? கரியால கீறின இடமெல்லாம் உடைச்சிப் பாருங்க" என்றேன்.

மண்டபத்தைப் பூட்டுமுன் தறிகள் வைக்க நான் கீறியிருந்த கட்டங்களை அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சோதனைக்குத்தானே, உடைப்பம். முழங்கால் ஆழம் போதுமா?"