ஆளையும் சொல்லணும், வேலையையும் சொல்லணும்

வகுப்பில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். சும்மா வைக்கவில்லை. காலையில் என் காதில் விழுந்த ரகசியம் மதியச் சாப்பாட்டுக்குள் மூன்றாவது மாடிவரை ஏறிவிடும். நான் என்ன செய்ய, வாய் என்று ஒன்று இருந்தால் அது பேசத்தானே செய்யும். அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லாமல் முழுங்கி வைத்திருந்தேன். அந்த ஆள் என் அப்பா. விஷயம் இதுதான்: நான் ஆடிட்டர் ஆகப்போவதில்லை, லிஃப்ட் மெக்கானிக் ஆகப்போகிறேன்.

அப்பா ஒரு பெயின்ட் மொத்தக்கடையில் கணக்குப் பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே ஆடிட்டர் வருவார். அன்றைக்கு முழுக்க அப்பா தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, அடுக்கி வைத்த டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பதில் சொல்வார். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஒருநாள் எம்பொண்ணு அந்த மாதிரி வந்து உக்காருவா, நான் பக்கத்துல பெருமையா நிப்பேன்" என்பார். வீட்டில் மட்டும் சொன்னால் பரவாயில்லை. பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறார்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே லிஃப்ட் பைத்தியம். எங்கள் குடியிருப்பின் கிழட்டு லிஃப்ட் ஒருநாள் அம்மாவையும் என்னையும் உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. அம்மா தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். நான் மேலே எது சுற்றுகிறது, எது நின்றுவிட்டது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

போன வாரம் லிஃப்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பயிற்சிக்கு என்னை எடுத்துவிட்டார்களாம், திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வந்து மணியடித்தார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். உடனே விட்டும் விட்டாள்.

"உங்கப்பாகிட்ட நீயே சொல்லிரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வராதுடி."

எனக்கும் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இதற்கிடையில் அப்பா அதே திங்கட்கிழமை என்னைக் கடைக்கு வருகிற அந்த ஆடிட்டரின் ஆபீசில் சேர்த்துவிடுவதாகப் பேசி முடித்துவிட்டு, என் சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியில், படிப்பை முடித்த எங்களுக்கு வழியனுப்புக் கூட்டம். எங்கள் பள்ளியில் அன்றைக்கு ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு நாள் முன்பே ஆளுக்கொரு சீட்டு எடுத்துவிட வேண்டும். சீட்டில் எந்த நண்பரின் பெயர் வருகிறதோ, அவர் பத்து வருஷம் கழித்து எப்படி இருப்பாரோ அப்படி மேடையில் நடித்துக் காட்ட வேண்டும். பெயரையும் வேலையையும் வாயால் சொல்லக் கூடாது. வந்திருக்கும் வீட்டார்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு டீச்சர் கையில் மணியோடு நிற்பார். "ஆளையும் சொல்லணும், வேலையையும் சொல்லணும். ரெண்டுல ஒண்ணு தப்புன்னா செல்லாது" என்பார்.

என் பெயர் யாரிடம் மாட்டியது தெரியுமா? ஜெராக்ஸிடம். ஜெராக்ஸ் என்றால் எங்கள் வகுப்பின் நகல் எந்திரம். ஒரு ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், நடை, இருமல், மூக்கைச் சொறியும் விரல் வரைக்கும் அப்படியே இறக்கிவிடுவான். இதுவரை அவன் யாரை நடித்தும் யாரும் கண்டுபிடிக்காமல் போனதில்லை, அதில் அவனுக்குத் தலைக்கனமும் உண்டு. இரண்டு நாளாகக் கண்கொத்திப் பாம்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அதிலேயே சீட்டு எனக்குத் தெரிந்துவிட்டது. என் லிஃப்ட் கதை என் வகுப்பு முழுக்கத் தெரியும். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது.

மேடைக்குப் பின்னால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், எங்கப்பா ரெண்டாவது வரிசைல உக்காந்திருக்காரு. என்னை ஆடிட்டராவே நடிச்சிரு. கால்ல வேணாலும் விழறேன்."

"ஆடிட்டரா? நீயா? எவன் நம்புவான்?"

"நம்பாட்டிப் போகட்டும். லிஃப்ட் பத்தி மூச்சு விடக் கூடாது."

அவன் "சரி" என்றான். குரலில் சுரத்தே இல்லை.

கூட்டம் ஆரம்பித்தது. அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போட்டி என்று வந்துவிட்டால் அவர் சின்னப் பிள்ளை. அதோடு நான் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் வகுப்புக் கதை மொத்தத்தையும் கொட்டுவதால், நேரில் பார்க்காத என் நண்பர்களெல்லாம் அவருக்கு அத்துப்படி.

முதலில் நான்தான் ஏறினேன். எனக்கு வந்த சீட்டு ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நாங்கள் ஓட்டாத நாள் கிடையாது. வகுப்புக்குள் எப்போதும் கடைசியாக வருவான், ஏனென்றால் பூட்டிய வீட்டை மறுபடி போய் இழுத்துப் பார்ப்பான், பையைத் திறந்து மூடுவான், மறுபடி திறப்பான். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், மறுபடி முன்னால் பார்த்தேன், பச்சைக்கொடி தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கினேன். "ஆமை! ரயில் டிரைவர்!" என்று அப்பா கத்திவிட்டார். "அவன் ஓட்டுனா ரயில் லேட்டா வரும், ஆனா பத்திரமா வரும்" என்று பக்கத்து ஆளிடம் விளக்கம் வேறு. ஆமையின் அம்மா திரும்பிப் பார்த்து அப்பாவுக்குக் கும்பிடு போட்டார்.

அடுத்து ஆமை வந்தான். முந்தானை மாதிரி ஒரு துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்னொரு கையால் மேசையைத் தட்டினான். அது குழாய். எங்கள் வகுப்பின் குழாய் எதற்கும் அழுவாள், பென்சில் முனை உடைந்தாலும் அழுவாள். ஆனால் அழுதுகொண்டே சண்டை போட்டால் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. பள்ளி வாட்ச்மேனை வேலையிலிருந்து நீக்கப் பார்த்தபோது தலைமையாசிரியர் அறைக்குள் போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசி அவர் வேலையைக் காப்பாற்றினவள் அவள். "குழாய், வக்கீல்" என்றார் அப்பா. குழாய் சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

அழுத கண்ணோடேயே ஏறி, குழாய் ஜெராக்ஸை நடித்தாள். யாரோ படுத்திருப்பதைப்போல் குனிந்து, ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, குரங்கு மாதிரி முகத்தைக் காட்டினாள். அரங்கம் கொஞ்சம் யோசித்தது. ஜெராக்ஸ் சினிமாவுக்குப் போவான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அப்பாவுக்குத் தெரியும். அவன் தங்கை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டரையும் நர்சையும் நடித்துக் காட்டி வார்டில் இருந்த பிள்ளைகளையெல்லாம் சிரிக்க வைத்தவன் அவன். "ஜெராக்ஸு. குழந்தைங்க ஆஸ்பத்திரில நர்ஸ்" என்று அப்பா சொன்னபோது அவர் குரலே கொஞ்சம் தழுதழுத்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இந்தப் பிசாசுகளையெல்லாம் விட்டுவிட்டு நான் எப்படி இருக்கப்போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் ஜெராக்ஸ் ஏறினான்.

கண்ணாடி போட்டிருந்தான். கக்கத்தில் ஒரு ஃபைல். மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், ஃபைலைப் பிரித்தான், ஒரு பக்கத்தைப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான். அடுத்த பக்கத்தைப் பார்த்தான். சொன்ன சொல்லை அச்சுப் பிசகாமல் காப்பாற்றினான், பாவி.

அரங்கத்தில் சத்தமே இல்லை. யாரோ ஒருவர் "பேங்க் மேனேஜரா?" என்று இழுத்தார். இன்னொருவர் யாருடைய பெயரையோ சொன்னார், டீச்சர் இல்லையென்று தலையாட்டினார். நான் திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவையே பார்த்தேன். முன்னால் குனிந்து, நெற்றியைச் சுருக்கி, உயிரைக் கொடுத்து யோசித்துக்கொண்டிருந்தார். "வேலை ஆடிட்டர். அது தெரியுது" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, பாதி அரங்கத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஆனா ஆளு யாருன்னு தெரியலையே. இப்படி உம்முனு ஒரு புள்ள இருக்கறதா நம்ம பொண்ணு சொன்னதே இல்லையே."

அம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் மணியைத் தூக்கினார். ஜெராக்ஸ் பக்கவாட்டில் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் தலைக்கனம் எதுவும் இல்லை, என்னிடம் கெஞ்சுகிற முகம் அது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றி ஃபைலின் மேல் வைத்தான். எழுந்தான். எழுந்த விதத்திலேயே அவன் நானாகிவிட்டான். மேடையோரக் கதவுக்கு விடுவிடுவென்று போய், பொத்தானை அழுத்துவதுபோல் அழுத்தி, கதவில் காதை வைத்தான். வாய் மட்டும் நிற்காமல் சத்தமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்தான். பின்னால் வருகிறவர்களை இடது கையை நீட்டித் தடுத்தான். வாசல் விளிம்பில் செருப்பு நுனியை வைத்து, தரை சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். கையைச் சட்டையின் பின்பக்கத்தில் துடைத்தான்.

"அட, இது எம்பொண்ணு" என்று அப்பா துள்ளி எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வீட்டு லிஃப்டுல தெனமும் இதேதான் பண்ணுவா. எம்பொண்ணேதான்."

அரங்கம் இடிந்து விழுகிறமாதிரி கைதட்டியது. டீச்சர் கையைக் காட்டி அடக்கினார்.

"ஆள் சரி. வேலையும் சொல்லணும் சார்."

அப்பா வாயைத் திறந்தார். மேடையைப் பார்த்தார். ஜெராக்ஸ் இப்போது இல்லாத பெட்டியிலிருந்து இல்லாத ஸ்பேனரை எடுத்து, தலைக்கு மேலே எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான், என் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு. அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஃபைல் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரைக்குப் பக்கத்தில் நான் நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"லிஃப்ட் மெக்கானிக்" என்றார்.

டீச்சர் மணியடித்தார். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. என்னைத்தான் கேட்டார்: "சரியாம்மா?"

ஓட்டைவாய் என்று பெயர் எடுத்த எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகும் அப்பா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

பஸ்ஸில் நான்தான் எல்லாவற்றையும் கொட்டினேன், போன் வந்தது, திங்கட்கிழமை சேர வேண்டியது, பயந்தது, எல்லாம். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தார். குடியிருப்புக்குள் வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினோம். கதவு திறந்தது. அம்மா காலெடுத்து வைக்கப் போனாள். அப்பா கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"இரு. அவ பாக்கட்டும்."

செருப்பு நுனியால் தடவிப் பார்த்தேன். "ஒரு விரல் கீழ நிக்குதுப்பா. பாத்து ஏறுங்க."

ஏறினோம். கதவு மூடியது.

"அந்த ஆடிட்டர் ஆபீசு ஏழாவது மாடில இருக்கு" என்றார் அப்பா.

"தெரியும்பா."

"அந்த லிஃப்டும் ஒருநாள் ரிப்பேராகும்ல. அன்னிக்கு உன்னத்தான கூப்பிடுவாங்க."

"ஆமாப்பா."

"போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. அந்தாளு வேர்த்து விறுவிறுத்துப் படியேறி வர்றத நான் ஒரு தடவ உக்காந்து பாக்கணும்."

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாவது மாடி தாண்டும்போது லிஃப்ட் வழக்கம்போல ஒரு குலுக்குக் குலுக்கியது. எப்போதும் மேலே அண்ணாந்து பார்க்கிற அப்பா இந்தத் தடவை என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். "போகும்."