ஐந்தாவது பேரிங்

அந்த லாரியைக் கொன்றது அத்தான்தான் என்பதில் குடும்பத்தில் யாருக்கும் இருபத்திரண்டு வருடமாகச் சந்தேகம் வந்ததில்லை. வந்திருந்தால் தீர்த்துவைக்க டாக்டர் இருந்தார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, இன்ஜின் மெக்கானிக். பானெட்டைத் திறக்காமலே நோயைச் சொல்லிவிடுவார் என்று நாலு தெருவுக்குப் பேர் வாங்கினவர். அத்தானைக் கட்டிக்கொண்ட அக்காவுக்கு ஒரே தம்பி. அந்த ஒரே தம்பி அன்றைக்கு லாரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சொன்னது இவ்வளவுதான்: "ஓவர் லோடு. சூடு ஏறினதைப் பாக்காம மேட்டுல போட்டு மிதிச்சிருக்காரு. திறந்து பாக்க ஒண்ணுமில்ல." தீர்ப்பு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

வண்டி அக்கா, டாக்டர் இருவரின் அப்பாவுடையது. தோட்டத்து விளைச்சலையும் உரமூட்டைகளையும் சுமந்த வண்டி. மூக்கு நீண்டிருக்கும். அந்த மூக்குக்குள் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற நீளமான இன்ஜின். ஓடும்போது அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தால் ஒரு சொட்டுச் சிந்தாது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். டாக்டர் தன் இருபத்தெட்டாவது வயதில் தனியாகப் பிரித்துப் பூட்டிய முதல் பெரிய இன்ஜின் அது. பூட்டிய மறுநாள் காலை அத்தான் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆறாவது மைலில் டக் டக் என்று சத்தம் வந்து, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அத்தான் நடந்தே திரும்பி வந்தார். வேலையாட்கள் பார்க்க அப்பா கையை நீட்டினார். அத்தான் சாவியை அந்தக் கையில் வைத்தார். அதற்கப்புறம் அவர் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

பேச்சு மட்டும் நிற்கவில்லை. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் "அத்தான் ஓட்டினாரா?" கதவின் கீல் கழன்றால் "அத்தான் ஓட்டினாரா?" அந்த ஜோக்கைக் கண்டுபிடித்த பெருமை டாக்டரையே சேரும். எட்டு வருடத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். ஜோக் போகவில்லை. யாராவது சொன்னால் அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேறென்ன செய்வார் பாவம்.

அப்படிப்பட்ட அத்தான்தான் இந்த வருடம் டாக்டரின் பட்டறைக்கு வந்து, உட்காராமலே கேட்டார்.

"மச்சான், நான் கெடுத்தது. என் காலத்துலயே அதை ஓட வெச்சுப் பாத்துடணும். பார்ட்ஸ் எல்லாம் நான் தேடிட்டேன். நீ கைவெச்சா போதும்."

பெரிய மனசு பண்ணி டாக்டர் ஒத்துக்கொண்டார். பெரிய மனசு என்றுதான் அவரே நினைத்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இருபத்திரண்டு வருடமாக யாரும் திறக்காமல் வண்டி அங்கேதான் நின்றது. சங்கிலி போட்டு இன்ஜினை வெளியே தூக்கி, இரும்புத் தாங்கியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். டாக்டர் கழற்றுவார். அத்தான் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, பழைய வேட்டித் துணியில் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே பலகையில் அடுக்குவார். எழுபதை நெருங்குகிற மனிதர், ஒரு நட்டைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை. சாப்பாட்டு வேளைக்கு அக்கா கூப்பிடுவாள். கை கழுவிவிட்டு இருவரும் போவார்கள்.

வியாழக்கிழமை மதியம் கிராங்கைக் கழற்றினார்கள். அந்த நீளமான இரும்புத்தண்டு ஏழு இடத்தில் பேரிங்கில் படுத்திருக்கும். ஒவ்வொரு பேரிங்கும் இரண்டு பாதி, பிறை மாதிரி இரண்டு ஷெல். பிளாக்கில், அதாவது இன்ஜினின் உடம்பில், உட்காருகிற பாதியில் ஒரு துளை இருக்கும். எண்ணெய் அதன் வழியாகத்தான் வரவேண்டும். தண்டை அழுத்திப் பிடிக்கிற மூடியில் உட்காருகிற பாதியில் துளை கிடையாது. இதற்கு மேல் இதில் வித்தையொன்றும் இல்லை.

முதல் நான்கு மூடிகளும் கழன்றன. உள்ளே ஷெல்கள் இன்றைக்கு வாங்கின மாதிரி மினுங்கின. ஆறே மைல் ஓடின ஷெல்கள் வேறெப்படி இருக்கும்? ஐந்தாவது மூடியைத் தட்டி எடுத்தார் டாக்டர். உள்ளே கரிக்கட்டையாக ஒரு ஷெல். அந்தக் கரியின் நடுவில், மூடியில் இருக்கவே கூடாத இடத்தில், ஒரு துளை.

 மீதி இரண்டு மூடியையும் கழற்றி, சங்கிலியில் கிராங்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு பிளாக்கின் பக்கம் குனிந்தார். அங்கே உட்கார்ந்திருந்த ஷெல்லில் துளை இல்லை. எண்ணெய் வருகிற வாயை அடைத்துக்கொண்டு, போட்டவன் போட்ட இடத்தில் அது பத்திரமாக இருந்தது. பிளாக்குக்குப் போகவேண்டியது மூடியில், மூடிக்குப் போகவேண்டியது பிளாக்கில். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் முதல் நிமிடத்திலிருந்தே எண்ணெய் போகவில்லை. யார் ஓட்டியிருந்தாலும், வெறும் வண்டியாக ஓட்டியிருந்தாலும், அது எரிந்துதான் இருக்கும்.

போட்டவன் யார் என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பூட்டிய அன்றைக்குக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். இளம் டாக்டர் ஒவ்வொரு பாகத்தையும் தூக்கிக் காட்டிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டே பூட்டினார். வாய் ஓடிய வேகத்தில் கை தவறியதை யாரும் பார்க்கவில்லை, அவர் உட்பட.

"ஏன் மச்சான், என்ன ஆச்சு?" என்று அத்தான் எழுந்து வந்தார். கருகின ஷெல்லைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்க்கப் போனவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"இதைத்தான் நான் எரிச்சேனா?"

டாக்டருக்கு அந்த நேரத்தில் சொல்வதற்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. "ம்" என்றார்.

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு மண்ணெண்ணெய்த் தட்டுக்குத் திரும்பினார். அவர் முதுகைத் திருப்பியதும் டாக்டர் இரண்டு ஷெல்லையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஐம்பது வயதில் அக்கா வீட்டில் முதல் திருட்டு.

கருகின இடத்தைக் கடைந்து சீராக்க கிராங்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஏழு இடத்தையும் நகத்தால் வருடினார்.

"ஆறு இடம் அம்சமா இருக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் ஆயில் போகல. இது ஓட்டுனவன் தப்பு இல்லீங்க, பூட்டுனவன் தப்பு. யாரு பூட்டுனது?"

"யாரோ பழைய ஆளு."

"இருக்காரா, போய்ட்டாரா?"

"இருக்காரு," என்றார் டாக்டர். வேறு பக்கம் பார்த்தார்.

கிராங்க் திரும்பி வர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் டாக்டர் வழக்கம்போலக் கொட்டகைக்கு வந்தார், இன்ஜின் ஹெட்டைப் பார்த்தார், வால்வைத் தேய்த்தார், அக்கா கையால் சாப்பிட்டார். மனசுக்குள் வக்கீல் வைத்து வாதாடினார். அப்பாவே போய்விட்டார், இனி யாருக்கு என்ன? அத்தானே மறந்துவிட்டார், கிளறினால் அவருக்குத்தானே வலி? வண்டியை ஓட வைத்துக் கையில் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடாதா? எல்லாம் நல்ல வாதங்கள்தான். ஆனால் அத்தான் டீ டம்ளரை நீட்டும்போது வாங்குகிற கை கூசியது. ஞாயிற்றுக்கிழமை அக்கா, "நீ மட்டும் இல்லேன்னா இந்த மனுஷன் கெடுத்ததை யாருடா சரி பண்றது?" என்று இன்னொரு கரண்டி பரிமாறினாள். டாக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பரிமாறியதைச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை கிராங்க் வந்தது. அத்தான் புது ஷெல் டப்பாவைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பலகையில் ஜோடி ஜோடியாக வைத்தார். வைத்துக்கொண்டே வந்தவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மச்சான், ஒண்ணுல ஓட்டை இருக்கு, ஒண்ணுல இல்லையே. ஏன்?"

"ஓட்டை இருக்கறது பிளாக்குல போகும். ஆயில் வர்ற வழி."

"மாத்திப் போட்டா?"

டாக்டர் பிளாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"யாரும் மாத்திப் போட மாட்டாங்க."

அத்தான் சிரித்தார். "நான் போட்டிருந்தா மாத்தித்தான் போட்டிருப்பேன். நம்ம கைராசி ஊருக்கே தெரியுமே."

அவர் சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்போது அந்த ஜோக்கை எடுத்துக்கொடுக்க டாக்டர்கூடத் தேவைப்படவில்லை, அத்தானே தன்னைக் கேலி செய்துகொண்டார். டாக்டரால் அங்கே நிற்க முடியவில்லை. துணியைக் கீழே போட்டார். கருவிப்பெட்டியின் அடித்தட்டில், பொட்டலமாகச் சுற்றி ஒளித்திருந்த இரண்டு ஷெல்லையும் எடுத்து, புது ஜோடிக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தார்.

"அத்தான், மாத்திப் போட்டது நான்தான்."

அத்தானுக்குப் புரிய நேரம் பிடித்தது. டாக்டர் குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னார். இது மூடியிலிருந்து எடுத்தது. இது பிளாக்கிலிருந்து எடுத்தது. இதனால் எண்ணெய் போகவில்லை. நீங்கள் எப்படி ஓட்டியிருந்தாலும் எரிந்திருக்கும். சொல்லச் சொல்லத் தன் குரல் யாரோ குற்றவாளியின் குரல் போலக் கேட்டது. யாரோ என்ன, அவருடையதுதான்.

அத்தான் கருகின ஷெல்லை எடுத்தார். இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. துளைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தார். கத்துவார், அடிப்பார் என்றெல்லாம் டாக்டர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

"மேடு இல்ல மச்சான் அது," என்றார் அத்தான் கடைசியில். "சமதரை. சூடு காட்டுற மீட்டரும் ஏறல. நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க."

"உங்கக்காகிட்டயும் சொன்னேன். என் தம்பிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டா. அப்புறம் நான் சொல்றதை விட்டுட்டேன்." ஷெல்லைப் பலகையில் வைத்தார். "வா. அவகிட்ட நீயே சொல்லு."

அக்கா உள்ளறையில் காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி, உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கதவு நிலையில் நின்று சொன்னார். மூச்சு விடாமல், எதையும் மறைக்காமல் சொன்னார். கிரீஸ் கையோடு எங்கே தொட்டாலும் அழுக்காகும் என்பதால் இரண்டு கையையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே சொன்னார். அக்கா ஒரு சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படா பாத்தே?"

"வியாழக்கிழமை."

அவள் விரலை மடக்கினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்.

"அஞ்சு நாளும் இங்கதான் சாப்பிட்டே."

 டாக்டருக்கு இருபத்தெட்டு வயதில் செய்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்று ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. இந்த ஐந்து நாளுக்கு அதுவும் இல்லை.  அக்கா அவரைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. பின்னால் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"அதான் அப்பவே சொன்னேனே."

"அப்ப நான் கேக்கல. இப்ப சொல்லுங்க."

மடித்த துணிகளை ஒருபக்கம் நகர்த்தி அவள் இடம் பண்ணினாள். அத்தான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். காலையில் எத்தனை மூட்டை ஏற்றினார்கள், எந்தக் கியரில் போனார், பாலம் தாண்டியதும் சத்தம் எப்படிக் கேட்டது, ஓரங்கட்டுவதற்குள் எப்படி இறுகிவிட்டது. நேற்று நடந்த மாதிரி ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. இத்தனை வருடம் ஆகியும் ஒரு நட்டைக்கூட இடம் மாற்றி வைக்காத மனிதர்.  அக்காவின் மடியிலிருந்த சட்டை மடிக்காமலே இருந்தது.

"ஆறு மைலும் நடந்தா வந்தீங்க?"

"நடந்துதான். லிஃப்ட் கேக்கக்கூடத் தோணல."

"அப்பா திட்டுவாருன்னு பயமா இருந்திருக்குமே."

"சேச்சே. எனக்கென்ன பயம்?" என்றார் அத்தான். "நம்ம மச்சான் இருக்கான், போய்ச் சொன்னாப் போதும், என்ன ஏதுன்னு கண்டுபிடிச்சிருவான்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்."

அக்கா அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். டாக்டர் நிலையிலேயே நின்றார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.