ஸ்டிக்கர் ஒட்டிய நாக்கு

அருள்பாண்டியின் நாக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டியது 2011 ஜூன் மாதம். ஒரகடத்தில் அதற்கு முன் எந்த நாக்குக்கும் ஒட்டியதாகத் தகவல் இல்லை.

எட்டுத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு ஆலை அது. உப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஓடையில் விட வேண்டும். ஓடை போய்ச் சேருவது ஏரியில். ஏரியை நம்பி முந்நூறு ஏக்கர் நெல். லிட்டருக்கு இரண்டாயிரத்து நூறு மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருந்தால் ஏரிக்குள் விடக்கூடாது என்று ஊருக்கும் ஆலைக்கும் ஒப்பந்தம். தினம் காலையில் ஆலையிலிருந்து போனில் அளவைச் சொல்வார்கள். ஏரித் தண்ணீரைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டி வரதராஜன் கேட்டுக்கொண்டு, ஓடை வாயிலுள்ள ஷட்டரைத் தூக்குவார், அல்லது தூக்கமாட்டார்.

அளக்கிற மீட்டர்தான் நிலைக்கவில்லை. உப்பு அரித்து, மூன்று வாரத்துக்கு ஒன்று செத்தது. நாலாவது மீட்டர் செத்த அன்று, சாயல்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த அருள்பாண்டி ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டு, "ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பது" என்றான். ஆய்வகத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று வந்தது. அவன் ஊரில் பதினோரு கிணறு, பதினொன்றும் வேறு வேறு உப்பு. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது.

ஆலை அதன்பின் மீட்டர் வாங்கவில்லை. பதிவேட்டில் 'கருவி: நாக்கு' என்று எழுதினார்கள். வெயில் ஏறினால் நாக்கு சற்று விரிந்து பத்து கூட்டிக் காட்டும்; அந்தப் பத்தை 'வெயில் கழிவு' என்று கழித்து எழுதினார்கள். கேன்டீனில் அவனுக்கு ஊறுகாய் வைக்கக் கூடாதென்று சர்க்குலரே போனது.

ஜூனில் வந்த ஆடிட்டர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலிப்ரேஷன் ஸ்டிக்கர் எங்கே?"

கருவி சரியாக அளக்கிறதென்று சோதித்து ஒட்டுகிற ஸ்டிக்கர். அது இல்லாமல் எந்தக் கருவியும் ஆலைக்குள் இருக்கக்கூடாது. சூப்பர்வைசர் ராஜாமணி, அருள்பாண்டியைக் கிண்டியில் கருவிகளைச் சோதிக்கும் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு நாள் முழுக்கச் சோதித்து, கூடக்குறைய ஏழு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். நாக்கில் ஸ்டிக்கர் நிற்கவில்லை. கருவிக்கு மிக அருகில் ஒட்டலாம் என்ற விதிப்படி மோவாயில் ஒட்டினார்கள்: 'சீல் வைத்தது. திருத்தக்கூடாது. டிசம்பர் வரை செல்லும்.' அருள்பாண்டி அதைச் சுற்றி ஷேவ் செய்துகொண்டான்.

புரட்டாசியில், வயலில் நாற்று நட்டுப் பத்தாம் நாள், ஆலையில் உப்பு வடிக்கிற சவ்வு கிழிந்தது. தொட்டியில் உப்புத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. திறந்து விடாவிட்டால் எட்டுத் தொழிற்சாலையிலும் லைன் நிற்கும். அருள்பாண்டியை நிரந்தரமாக்கும் கடிதம் அன்றைக்கு ராஜாமணியின் மேஜையில் கையெழுத்துக்கு இருந்தது.

அருள்பாண்டி துப்பினான். "நாலாயிரத்தி முந்நூத்தம்பது சார்."

"இன்னாபா, காலங்காத்தால தமாஷா? ஆயிரத்தித் தொள்ளாயிரம்னு போன்ல சொல்லிடு."

"பச்சப் பயிரு சார். கருகிரும்."

"உன் லெட்டரு என் டேபிள்ல கீது, பாத்துக்க. நாக்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினா இன்னா கொறஞ்சிபூடும்?"

அருள்பாண்டி மோவாயைத் தொட்டுக் காட்டினான். "சீல் வச்சிருக்கு சார். திருத்துனா ஆடிட்ல நீங்கதான் மாட்டுவீக."

ராஜாமணி யோசித்தார். அளவைத் திருத்தக்கூடாது, சரி. கருவியே பழுது என்று எழுதலாமே? 'பழுது, பயன்படுத்தாதே' என்ற சிவப்பு அட்டையை அவன் கழுத்தில் மாட்டி, செத்த மீட்டர்கள் கிடக்கும் கம்பிக்கூண்டில் உட்காரவைத்துவிட்டு, தானே போனை எடுத்தார்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரம், வரதராஜண்ணே."

"நீ இன்னாத்துக்கு சொல்ற? நாக்கு எங்க?"

"அது ரிப்பேருண்ணே."

"அப்ப ஷட்டரும் ரிப்பேருதான்" என்று வரதராஜன் வைத்துவிட்டார்.

சோதித்த கருவி இல்லாத நாளில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று ஒப்பந்தத்திலும் இருந்தது. அட்டையைக் கழற்றினால் நாலாயிரத்து முந்நூற்றைம்பது. கழற்றாவிட்டால் அளவே இல்லை. பதினோரு மணிக்கு எட்டுத் தொழிற்சாலையிலும் லைன் நின்றது. பதினொன்றேகாலுக்கு ராஜாமணி அந்தக் கடிதத்தைக் கிழித்தார்.

மறுநாள் வரதராஜன் டிவிஎஸ் வண்டியில் ஆலை வாசலுக்கு வந்தார். "பழுதான சாமான் ஒண்ணு கழிச்சி வுடறீங்களாமே?"

கேட் பாஸ் இல்லாமல் எந்தச் சாமானும் வெளியே போகாது. ராஜாமணி எழுதினார்: 'நாக்கு, ஒன்று. ஆளோடு.' செக்யூரிட்டி நயினார் சாமானை மேலும் கீழும் பார்த்தார்.

"ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா சார்?"

"நான்-ரிட்டர்னபிள்!"

சிவப்பு அட்டை ஆலைச் சொத்து என்று நயினார் கழற்றி வாங்கிக்கொண்டார். மோவாய் ஸ்டிக்கர் அவர் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் புதுச் சவ்வு வந்தது. புது மீட்டரும் வந்தது. கிண்டியில் அதைச் சோதிக்கத் தேதி ஜனவரியில்தான் கிடைத்தது. டிசம்பர் வரை செல்லும் ஸ்டிக்கர் அந்த வட்டாரத்தில் ஒரு மோவாயில்தான் இருந்தது. அந்த மோவாய் இப்போது நெல் கூலிக்கு ஏரி ஷட்டரடியில் உட்கார்ந்திருந்தது. தினம் காலையில் ராஜாமணி பாட்டிலில் தண்ணீரோடு அங்கே வந்து நின்றார்.

ஐப்பசி முதல் மழையன்று அருள்பாண்டி துப்பிவிட்டு, "ரெண்டாயிரத்தி நூத்திப் பத்து" என்றான்.

"வெயில் கழிவு பத்து போச்சுன்னா கரெக்டாத்தானே வர்து?" என்றார் ராஜாமணி, குடைக்குள்ளிருந்து.

அருள்பாண்டி வானத்தைப் பார்த்தான். "மழையில்ல சார் பெய்யுது."

வரதராஜன் ஷட்டர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.