கார்டில் கொள்ளாத வாக்கியம்

அலுவலகத்தில் அவனுக்குச் ‘சிக்கனம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. செல்போனில் செய்தி படிக்கிறவர்களுக்கு வாராவாரம் ஒரு கார்டு எழுதுவது அவன் வேலை. எந்தச் செயலி புதிதாக வந்திருக்கிறது, எது சத்தமில்லாமல் விலையை ஏற்றிவிட்டது, மாதக் கடைசியில் கையைக் கடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதெல்லாம் அதில் வரும். கார்டு என்றால் ஒரே திரையில் முடிய வேண்டும். அளவு மீறினால் மிச்சச் சொற்கள் சிவப்பாகிவிடும். சிவப்பு போகிறவரை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பது அவன் பாடு.

அந்த வாரம் மறந்துபோன சந்தாக்களைப் பற்றி எழுதினான். மூன்று மாதமாகத் திறக்காத செயலிகளின் சந்தாவை இன்றே நிறுத்துங்கள் என்றான். எப்படி நிறுத்துவது என்று வழி சொன்னான். நிறுத்துமுன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில நிறுவனங்கள் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று எச்சரித்தான். முத்தாய்ப்பாக, ‘தூங்குகிற செயலிக்குத் தீனி போடாதீர்கள்’ என்று ஒன்றைச் சேர்த்தான். சிவப்பு விழுந்தது. எச்சரிக்கையும் தீனியும் சேர்ந்து கொள்ளவில்லை. மனுஷன் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. டீ ஆறுவதற்குள் எச்சரிக்கையை எடுத்துவிட்டான். கார்டு சக்கைப்போடு போட்டது. தீனி வாக்கியத்தை ஆளுக்கு ஆள் அனுப்பிச் சிரித்தார்கள்.

அவன் எழுதுவதை ஓர் எழுத்து விடாமல் செய்கிற வாசகி ஒருத்தி உண்டு. அவனுடைய அக்கா. தம்பி சொல்லிவிட்டால் அவளிடம் மறுபேச்சே கிடையாது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அவன் எழுதினால் அன்று சாயங்காலமே மாற்றிவிட்டு, மறுநாள் அது என்னவென்று கேட்டு அவனுக்கே போன் போடுவாள்.

அவள் கணவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் போடுகிறவர். ‘ஒரு தரம்’ என்று அவர் எடுத்தால் வெளியே லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவார். அத்தான் மாதிரி பேசிக் காட்டுவதில் சிக்கனம் கெட்டிக்காரன். படிக்கிற காலத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் நின்று அவர் குரலில் ஓர் அதட்டல் போடுவான். அடுக்களையிலிருந்து அக்கா “இதோ வந்துட்டேங்க” என்று ஈரக் கையோடு ஓடி வருவாள். நிற்கிறது யாரென்று பார்த்ததும் கரண்டியை ஓங்குவாள்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் அத்தானை உட்கார வைத்து, வாக்கியம் வாக்கியமாகப் பேசச் சொல்லி, ஒரு செயலியில் அவர் குரலைப் பதிந்து வைத்தவன் சிக்கனம்தான். இனி எதைத் தட்டினாலும் போன் அவர் குரலில் பேசும். பேசவும் செய்தது, ஒரே ஒரு முறை. தன் குரல் கையிலிருந்து வருவதைக் கேட்டதும் அத்தானின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனை மூடி வைத்துவிட்டுச் சின்னப் பலகையில் எழுதிக் காட்டினார். “பேரனோ பேத்தியோ வரட்டும். அதுக்குன்னு எடுத்து வைக்கிறேன்.” அதன்பிறகு பலகையும் கைச் சைகையுமாகக் காலத்தை ஓட்டினார். சந்தா மட்டும் அக்காவின் கணக்கிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

அக்காவின் மகளுக்குப் பையன் பிறந்தான். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அக்கா கூப்பிட்டாள்.

“தம்பி, அவரோட ஆப் கெட்டுப்போச்சுடா. வேற யாரோ பேசுறாங்க. வந்து சரி பண்ணிக் குடு.”

போனான். அத்தான் தட்டினார். “வா மாப்பிள்ளை, சாப்பிட்டாயா” என்றது போன், ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற குரலில். சிக்கனம் சிரித்துக்கொண்டே அமைப்புகளைத் திறந்தான். ‘உங்கள் குரல்’ என்ற இடம் காலியாக இருந்தது. சந்தா நிறுத்தப்பட்டது என்று கீழே எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற அக்கா பெருமையாகச் சொன்னாள். “நீ சொன்ன மாதிரியே தொறக்காததையெல்லாம் நிறுத்திட்டேன். ஏதோ இங்கிலீஷ் பேர்ல ஒரு கம்பெனி, யாரு என்னன்னே தெரியல, மாசாமாசம் காசைப் புடிச்சிருக்கான்.”

அந்தக் கம்பெனிதான் இந்தச் செயலியை நடத்துவது. ரசீதில் செயலியின் பெயர் வராது, கம்பெனியின் பெயர்தான் வரும். அதையும் அவன் கார்டில் எழுதவில்லை.

“சர்வர்ல ஏதோ கோளாறுக்கா. எழுதிப் போடுறேன்” என்றான். பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று வெட்கமாக இருந்தது.

எழுதிப் போட்டான். பதில் மரியாதையாக வந்தது. குரல் அழிக்கப்பட்டுவிட்டது, மீட்க வழியில்லை, சத்தம் கலக்காத பழைய பேச்சு இருந்தால் அனுப்பலாம். தன் போனைக் குடைந்தான். அத்தான் முன்பெல்லாம் அவனுக்குக் குரல் செய்தியாகத்தான் அனுப்புவார். வெங்காய விலை, திட்டு, கேலி எல்லாம். ஒன்றும் இல்லை. பழைய குரல் செய்திகள் இடத்தை அடைக்கின்றன, துடைத்துத் தள்ளுங்கள் என்று போன வருஷம் ஒரு கார்டு எழுதி, அதிசயமாக அவனே அதைச் செய்தும் இருந்தான். அக்காவின் போனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சந்தைக்காரர்களிடம் வீடியோ இருந்தது. அதில் மொத்தச் சந்தையும் சேர்ந்து கத்தியது.

பழியைக் கம்பெனியின் தலையில் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. அக்கா நம்புவாள். அவள் நம்புவாள் என்பதுதான் அவனைப் போட்டு வதைத்தது. மறுபடியும் அக்கா வீட்டுப் படியேறினான்.

மகள் உள்ளறையில் தூங்கினாள். கூடத்தில் அத்தான் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆப் கெட்டுப்போகல” என்றான். “நீ நிறுத்தினதுல அத்தான் குரல் அழிஞ்சுபோச்சு. திரும்ப வராது. உன் மேல தப்பில்ல. முதல்ல எடுத்து வச்சுக்கங்கன்னு ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். நான்தான் அதை வெட்டுனேன்.”

அக்காவின் கை நின்றது. “எதுக்கு?”

“இடம் பத்தல.”

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதுவும் பாதிப் பொய் என்று அவனுக்குத் தெரியும். “அது இருந்தா தீனி போடாதீங்கங்கிறதை எடுக்கணும். அதை விட மனசு வரல.”

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அதைப் படிச்சுட்டு இவரு சிரிச்சாருடா” என்றாள். “ஆபரேஷனுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சாரு. சத்தமே இல்லாம, தோள் குலுங்கக் குலுங்க. அந்தக் கம்பெனி பேரைக் காட்டி, இவனுக்கும் தீனியை நிறுத்துன்னு பலகையில எழுதிட்டு இவருதான் பட்டனை அமுக்கினாரு.”

சொல்லிவிட்டு, மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். உள்ளே தண்ணீர் விழுந்தது, பாத்திரங்கள் உருண்டன. வேண்டிய அளவைவிடச் சத்தமாகவே உருண்டன.

அத்தான் அவனைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலைக்கு முட்டுக் கொடுத்தபடி ஒற்றை விரலால் போனில் தட்டினார். நேரம் எடுத்தது. பிறகு அந்த ரயில்வேக் குரல் பேசியது.

“மாப்பிள்ளை. இவனுக்கு என் குரல் தெரியாது. உனக்குத் தெரியும். பேசிக் காட்டு.”

“அத்தான், வேணாம்.”

அவர் அதே இடத்தைத் திரும்ப அழுத்தினார். “பேசிக் காட்டு.”

கேலிக்குச் செய்தபோது எவ்வளவு லேசாக வந்த குரல். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.

“ஒரு தரம்.”

குழந்தை கண்ணைத் திறந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

“இதோ வந்துட்டேங்க” என்றாள் அக்கா, பழைய அவசரத்தோடு. நாலு எட்டு காலடி கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவள் வெளியே வரவில்லை.

சிக்கனம் வாயை மூடிக்கொண்டான். இனி எந்த ஜென்மத்திலும் அதைத் திறக்கக் கூடாது என்றிருந்தது. அத்தான் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை அவன் பக்கமாகத் திருப்பி, இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.